மடங்க வேண்டிய இடம்

நீலுவே தூக்கட்டும் என்று சாம்பமூர்த்தி தன் வாயால்தான் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னார், சொல்லி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. சொன்ன மனுஷன் இன்று கீழே பந்தலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு, சந்தனப் பேலாவை நீட்டிக்கொண்டு நிம்மதியாக நிற்க வேண்டியதுதானே. அதை விட்டுவிட்டு மண்டபத்து மாடியறையில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கட்டின பஞ்சகச்சத்தோடு, ஜமுக்காளத்தின் மேல் தாடாசனத்தில் நின்றுகொண்டிருந்தார். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புள்ளி, சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு புள்ளி, குதிகால் ஒரு புள்ளி, மூன்றிலும் எடை சமமாக இறங்க வேண்டும், இறங்குகிறதா, இடது குதிகாலில் கூடுதலாக உட்காருகிறது, எப்போதும் அப்படித்தான், கண்ணாடிக் கடை ஸ்டூலில் இருபது முப்பது வருஷம் ஒருக்களித்து உட்கார்ந்த பாவம். முன்னால் கொண்டுவா. கீழே நாயனக்காரர் சீவாளியை ஊதிச் சரிபார்க்கிற சத்தம் வந்தது. மாப்பிள்ளை காசி யாத்திரைக்குக் கிளம்பத் தயாராகிறார், குடையும் கைத்தடியும் விசிறியும் வந்துவிட்டன, கல்யாணப் பெண் மைத்தியின் அப்பா வாசல்வரை போய் அவரை மறித்து, காசி வேண்டாம், என் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளும் என்று அழைத்துவருவார், வந்த கையோடு மாலை மாற்றல். பெண்ணைப் பெண்ணின் மாமா தூக்க வேண்டும், பிள்ளையைப் பிள்ளையின் மாமா தூக்க வேண்டும். பெண்ணின் அம்மாவோடு கூடப்பிறந்த மாமா ஒரே ஒருத்தர்தான். அவர் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு குதிகாலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பிள்ளையின் மாமாவை நேற்று ஜானவாசத்தில் பார்த்தாகிவிட்டது. கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், பேச்சும் அதே உயரம். ‘எங்காத்துப் பையன் கழுத்தை உங்காத்துப் பொண்ணு எட்டறதான்னு நாளைக்குப் பாத்துடலாம்’ என்று சொல்லிவிட்டு மீசையில்லாத இடத்தை முறுக்கிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள், சாம்பமூர்த்தியும் சிரித்தார். நீலு, சித்தப்பா பிள்ளை, பெங்களூரில் ஜிம்முக்குப் போகிறவன், அவனும் மாமாதான், முறை தப்பவில்லை. ‘பாத்துடலாம் சார்’ என்று அவன் சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டபோது சாம்பமூர்த்தி சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். பொறாமை என்றுதான் அதற்குப் பெயர், வேறு நல்ல பெயர் தேடுவானேன். கைகள் மேலே போகட்டும். மூச்சை விட்டுக்கொண்டே முன்னால் மடங்கு. குனியாதே, மடங்கு. ஜெசிந்தா டீச்சரின் குரல் காதில் அப்படியே கேட்டது. ‘குனியாதீங்க சார். மடங்குங்க. குனியுறது முதுகு, மடங்குறது இடுப்பு. கதவு எங்க தொறக்கும்? கீல்ல தொறக்கும். நடுப்பலகையில மடங்குமா? நீங்க பலகையை மடக்குதீங்க.’ மூலைக்கரைப்பட்டிப் பக்கத்துப் பெண், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்துவிட்டு, காலையில் தன் வீட்டு மேல்தளத்தில் யோகா சொல்லிக்கொடுக்கிறவள். அவளிடம் போய்ச் சேர்ந்த கதையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்தே வரும். ஒரு ஸ்க்ரூ. மூக்குக் கண்ணாடியின் காலைப் பொருத்துகிற ஸ்க்ரூ, எறும்பு தூக்கிப் போகிற கனம், கடைத் தரையில் விழுந்தது, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் திரும்பிக் குனிந்து எடுத்தார். எடுத்தார் என்பதும் பொய், எடுக்கவில்லை, விரல் தொட்டதும் இடுப்புக்குள் ஏதோ ‘டொக்’ என்றது, அப்புறம் கடைப் பையன்கள் பெஞ்சோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கல்யாணத்துக்குப் பாத்திரம் தூக்கியும், வீடு மாற்றும்போது பீரோ தூக்கியும் போகாத முதுகு ஒரு ஸ்க்ரூவுக்குப் போயிற்று. கனத்தால் போகவில்லை சார் என்றாள் ஜெசிந்தா, வளைஞ்சுகிட்டே திரும்புனீங்க பாருங்க, அதுல போச்சு. அடிமுதுகுக்குத் திரும்பத் தெரியாது, கொஞ்சம்போலத்தான் திரும்பும், திரும்புகிற வேலை மேல்முதுகுக்கும் இடுப்புக்கும். அவரவர் வேலையை அவரவர் செய்யாவிட்டால் நடுவில் இருக்கிறவன் சாகிறான், இது முதுகில் மட்டுமா நடக்கிறது, அண்ணன் தம்பிகள் உள்ள எந்த வீட்டிலும் நடக்கிறதுதான்.

உள்ளங்கை முட்டிக்குக் கீழே கணைக்காலில் நின்றது. தரையைத் தொடவில்லை. தொட வேண்டாம். ஆரம்பத்தில் தரையைத் தொட்டே தீருவது என்று ஒரு வெறி, திரிகோணாசனத்தில் விரல்நுனி தரையில் படுகிறதா என்பதே கண், பக்கத்துப் பாயிலிருக்கும் தபாலாபீஸ்காரர் தொட்டுவிட்டார் என்றால் இவருக்குத் தூக்கம் வராது, மறுநாள் இவரும் தொட்டுவிடுவார், ஆனால் எதை மடக்கித் தொட்டார் என்று கேட்கக் கூடாது. தரை எங்க ஓடிப்போகுது சார், அது அங்கதான் கெடக்கும், முதுகு நீளமா இருக்கான்னு மட்டும் பாருங்க. இப்போது நீளமாக இருந்தது. தொடைக்குப் பின்னால் கயிறு இழுக்கிற மாதிரி இழுப்பு, அது நல்ல இழுப்பு, இடுப்புக் கிண்ணத்துக்குள் தொடையெலும்பின் உருண்டை நகர்கிறதைக்கூட இப்போது கண்டுபிடிக்க முடிகிறது, ஐம்பத்தாறு வயசுவரை அங்கே ஒரு கிண்ணம் இருப்பதே தெரியாமல் வாழ்ந்தாகிவிட்டது. எழுந்திரு. இடுப்பிலிருந்து எழுந்திரு. இப்போது உத்கடாசனம், நாற்காலி இல்லாத இடத்தில் நாற்காலி இருப்பதாக நினைத்து உட்காருவது. முட்டி இரண்டாவது விரலுக்கு நேராகப் போகட்டும், உள்ளே சரியாதே, பின்பக்கம் பின்னால் போகட்டும், வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டின மாதிரி இறுக்கு, மூச்சை அடைக்காதே. பஞ்சகச்சம் கால்களுக்கு நடுவே அழகாக விலகி வழிவிட்டது. நம் பெரியவர்கள் இதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்ததில் விஷயம் இருக்கிறது, பேண்ட் போட்டுக்கொண்டு இதைச் செய்தால் தையல்காரரிடம் போக வேண்டிவரும். தொடை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கட்டும். உடம்பிலேயே பெரிய சதை உட்காருகிற சதைதான் சார், அதை நீங்க உட்காருறதுக்கு மட்டும் வச்சிருக்கீங்க. அந்தச் சதையால் எழுந்தால் யாரையும் தூக்கலாம். தூக்கலாமா? தூக்கலாம் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தார், நிச்சயதார்த்தம் ஆன அன்றிலிருந்து, மருமாளைத் தூக்குவது என்று யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு, டாக்டரிடமும் கேட்டாகிவிட்டது, ‘இப்பத் தூக்கலாம், நிதானமா, உடம்பு வேண்டாம்னா விட்டுடணும்’ என்று அவரும் சொல்லிவிட்டார், எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த அரிசி மூட்டை வரைக்கும்.

அந்த மூட்டை. நினைக்க வேண்டாம் என்றால் முதலில் அதுதான் வந்து நிற்கும். வீட்டு ஸ்டோர் ரூமில் சீர் பட்சணத்துக்காக வந்து இறங்கியிருந்தது, மைத்தியின் கனம் இருக்கலாம், கூடவோ குறையவோ. வீட்டில் யாரும் இல்லாத மத்தியானம், பரீட்சைக்கு முன்னால் பரீட்சை எழுதிப் பார்ப்பதுபோல, கதவைச் சாத்திக்கொண்டு அதை நிமிர்த்தி வைத்துக் கட்டிப்பிடித்தார். எல்லாம் சொன்னபடிதான் செய்தார், இடுப்பில் மடங்கினார், வயிற்றை இறுக்கினார், காலால் தரையைத் தள்ளினார், மூட்டை தரையை விட்டு எழும்பவும் எழும்பிற்று. எழும்பின உடனே அதற்குள் இருந்த அரிசி முழுக்க ஒரு பக்கமாகச் சரிந்தது, மூட்டை நடுவில் ஒடிந்து வெளிப்பக்கம் சாய்ந்தது, அதன் பின்னாலேயே இவரையும் இழுத்தது. அடிமுதுகில் ஒரு மின்னல். டொக் இல்லை, டொக் வரப்போகிறது என்கிற மின்னல். விட்டுவிட்டார். மூட்டை விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவர் மூட்டையைப் பார்க்கவில்லை, அது விழுந்து கிடந்த மாதிரியைத்தான் பார்த்தார், பட்டுப்புடவையும் சடையும் ராக்கொடியுமாக ஒருத்தி அப்படி விழுந்து கிடந்தால்? ஊரே கூடி நிற்கும்போது? அன்று சாயங்காலமே பெங்களூருக்குப் போன் போட்டுவிட்டார். மனைவி கோமதிக்கு நிம்மதி, ‘இப்பவாவது புத்தி வந்துதே’ என்று காப்பியில் கூட ஒரு ஸ்பூன் சர்க்கரை விழுந்தது. அக்கா விசாலி, மைத்தியின் அம்மா, ‘அதனால என்னடா, நீ பக்கத்துல நின்னாப் போறும்’ என்றாள். மைத்தி மட்டும் ‘சரி மாமா’ என்றாள். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சரி மாமா. அதில் ஒன்றும் இல்லை. கோபம் இல்லை, வருத்தம் இல்லை, அவளுக்கு ஆயிரம் வேலை, பிளவுஸ் தைத்து வரவில்லை, ஆபீசில் லீவு தரவில்லை. சரி மாமா என்றால் சரி மாமாதான். ஆனால் அவள் எதற்கும் சும்மா சரி என்கிற பெண் இல்லையே, ஐஸ்கிரீமுக்குக்கூட எதற்கு இந்தக் கலர் என்று கேட்கிற பெண். சரி மாமா. தொடை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது, நாற்காலி இல்லாத நாற்காலியில் இவ்வளவு நேரமா உட்கார்ந்திருந்தோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது. ‘ஏன்னா, உள்ளே என்ன பண்றேள்? மாப்பிள்ளை செருப்பு மாட்டிண்டாச்சு, குடை பிடிக்க ஆள் வந்தாச்சு.’

‘வரேன்.’

‘மூச்சு வாங்கறதே. யோகாவா?’

‘அங்கவஸ்திரம் தேடறேன்.’

‘அது என் கையிலன்னா இருக்கு’ என்றாள் கோமதி. கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் உரசியது. ‘இதோ பாருங்கோ. நீலு தூக்கப்போறான். நீங்க படுக்கையில கிடந்தப்போ ராத்திரியெல்லாம் முழிச்சிண்டு உக்காந்திருந்தது நான். எனக்கு இன்னொரு தரம் அது வேண்டாம்.’ போய்விட்டாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் பிசகில்லை. புரண்டு படுக்கக்கூட அவள் கை வேண்டியிருந்தது, முட்டியை மடக்கித் தோளையும் இடுப்பையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும் என்று ஜெசிந்தா வந்து சொல்லிக்கொடுக்கிற வரைக்கும். அவளுக்காகவாவது சும்மா இருந்துவிடலாம். இருந்துவிடலாம் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் தளர்ந்தது, அப்படியே ஜமுக்காளத்தில் மல்லாந்து படுத்தார், கைகளை விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க. சவாசனம். வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த ஆசனம், தபாலாபீஸ்காரர் இதில் குறட்டையே விடுவார். சாம்பமூர்த்திக்கு இதுதான் வராது. ஜெசிந்தா ஒவ்வொருத்தராக வந்து கையைத் தூக்கிப் பார்ப்பாள், மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் உயர்த்தி விட்டுவிடுவாள், தளர்ந்திருந்தால் அது பொத்தென்று விழ வேண்டும். இவர் கையைத் தூக்கின அன்று சிரித்துவிட்டாள். ‘இவ்வளவு லேசா இருக்கே சார். நீங்க தளரல, எனக்கு ஒத்தாச பண்ணுதீங்க. கை தூங்கினா கனக்கணும். தபாலாபீஸ் சார் கையத் தூக்கிப் பாருங்க, தெரியும்.’ தூக்கிப் பார்த்தார். ஒல்லியான மனுஷர், கை என்னவோ இரும்பு. எடை கூடவில்லை சார் என்றாள், தராசில் வைத்தால் அதே எடைதான், ஆனா தளர்ந்த ஒடம்பு ஒவ்வொரு மூட்டுலயும் நழுவி ஒங்களவிட்டு வெளியே தொங்கும், வெளியே போகப் போகத்தான் கனம். தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு பிடித்தால் ஒன்றுமில்லை, கையை நீட்டிப் பிடித்தால் தோள் கெஞ்சும். ஒரே பாட்டில்தானே. தூங்கினா கனம். தூங்கினா கனம். இதை வேறு எங்கேயோ, இதற்கு ரொம்ப முன்னால், கையில் சுமந்தே தெரிந்துகொண்டிருக்கிறோமே, எங்கே.

மாடிப்படி. விசாலியின் பழைய வீட்டு மாடிப்படி, கைப்பிடி இல்லாதது. மைத்தியின் அப்பா ரயில் ஓட்டுகிறவர், திருவிழா என்றால்தான் அவருக்கு ஸ்பெஷல் வண்டியே போடுவார்கள், தேர் பார்க்கவும் தெப்பம் பார்க்கவும் மைத்திக்கு மாமாதான். திரும்பி வரும்போது ஆட்டோவில் தூங்கிவிடுவாள். தோளில் போட்டுக்கொண்டு படியேறுவார், நிஜமாகத் தூங்கின நாளில் நாலாவது படியிலேயே தெரிந்துவிடும், தலை ஒரு பக்கம் துவள, கால் ஒரு பக்கம் தொங்க, நழுவி நழுவி இறங்கும், ஒரு கையால் தாங்கினால் இன்னொரு பக்கம் வழியும், மேலே போய்ச் சேருவதற்குள் தோள் விட்டுப்போகும். ஆனால் பாதி நாள் அவள் தூங்கவே மாட்டாள். நடக்கச் சோம்பல், சும்மா கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நாட்களில் அவள் கனக்கவே மாட்டாள். குட்டி முட்டி இரண்டும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், மோவாய் கழுத்துக் குழியில் கொக்கி போட்டிருக்கும், வயிறு கல்லு மாதிரி அவர் நெஞ்சோடு ஒட்டியிருக்கும், படியில் அவர் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் மூச்சை அடக்கிக்கொள்வாள். அவருக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் தெரியும். கதவைத் திறக்கிற விசாலியிடம், ‘ஷ், கொழந்தை தூங்கறது’ என்று சத்தமாகச் சொல்லிக் கட்டில்வரை கொண்டுபோய்ப் போடுவார், அவள் நாலாங்கிளாஸ் முடிக்கிற வரைக்கும் இந்த நாடகம் நடந்தது. சாம்பமூர்த்தி கண்ணைத் திறந்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அட அசடே, அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மைத்தியைத் தூக்க முடியாது என்று முடிவு கட்டினாயே. மூட்டைக்கு முதுகெலும்பு உண்டா, மூட்டை உன்னைப் பிடித்துக்கொள்ளுமா? கல்யாணப் பெண்ணை விட்டுவிட்டு உயிரில்லாத கனத்தை வைத்துப் பரீட்சை எழுதிய மாமா இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான். மல்லாந்தவர் எடுத்த எடுப்பில் எழுந்துவிடவில்லை. முட்டியை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாக வலப்பக்கம் புரண்டு, கையூன்றி, முட்டி போட்டு, ஒரு காலை ஊன்றி எழுந்தார். அவசரத்திலும் ஒழுங்கு தப்பக் கூடாது. தாழ்ப்பாளைத் திறந்தார்.

பந்தலில் மாப்பிள்ளையின் மாமா ஏற்கெனவே மாப்பிள்ளையைத் தூக்கித் தோளில் உட்கார்த்தி வைத்திருந்தார், அந்தக் கூட்டத்தில் சிரிப்பும் கைதட்டலும். எதிரே மைத்தி மாலையும் கையுமாக நின்றாள், பக்கத்தில் நீலு குனிந்து புடவை மடிப்பு சிக்காமல் எங்கே பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பமூர்த்தி அவன் தோளைத் தொட்டார்.

‘நகருடா.’

‘அண்ணா, முதுகு?’

‘முதுகுக்கு இதுல வேலையே இல்லை. நீ பின்னால நில்லு. நான் சாஞ்சா பிடிச்சுக்கோ, சாயமாட்டேன்.’

நீலு பின்னால் போய்க் கைகளை விரித்து நின்றான், நல்ல பையன். கோமதி கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அங்கவஸ்திரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள், வேண்டாம் என்று தலையாட்டினாள். அவளைப் பார்த்துக்கொண்டே நின்றால் காரியம் ஆகாது. அவர் மைத்தியின் காதருகே போனார்.

‘சின்ன வயசுல தேர் பாத்துட்டு வரச்சே தூங்கற மாதிரி நடிப்பியே. அப்படி இரு.’

மைத்தி சட்டென்று திரும்பினாள். மையிட்ட கண் விரிந்தது. ‘உனக்குத் தெரியுமா?’

‘எல்லாத் தடவையும் தெரியும். கை மாலைக்கு. காலும் வயிறும் எனக்கு. துவளக் கூடாது, என்னை விட்டு வெளியே போகக் கூடாது.’

‘சரி மாமா’ என்றாள். இது வேறு சரி மாமா. போனைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்ன சரி மாமா.

பக்கத்தில் ஒட்டி நின்றார், மூன்று புள்ளி, மூன்று புள்ளி, இடது குதிகாலே, இன்று ஒரு நாள் முன்னால் வா. நாற்காலி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தார். தொடையைச் சுற்றிக் கையைக் கோத்து அவளைத் தன்னோடு இழுத்துக்கொண்டார், வயிற்றை இறுக்கினார், மூச்சை விட்டுக்கொண்டே தரையை உதைத்தார். மின்னலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. முட்டி இரண்டும் அவர் விலாவைப் பிடித்துக்கொண்டன, பட்டுக்குள் அவள் வயிறு கல்லாக அவர் தோளில் ஒட்டியது. கனம் இருந்தது, ஏன் இல்லாமல், ஆனால் அது நேராகத் தொடை வழியாக இறங்கித் தரைக்குள் போயிற்று, இடுப்பில் எங்கும் தங்கவில்லை. மாப்பிள்ளையின் மாமா இன்னும் உயரமாக எம்பினார். சாம்பமூர்த்தி எம்பவில்லை, திரும்பவும் இல்லை, பாதங்களை மாற்றி வைத்து முழுசாக அவர் பக்கம் நகர்ந்தார், நிமிர்ந்தார், அவ்வளவுதான். மாலை போய் விழுந்தது. நாயனமும் தவிலும் ஒரே நேரத்தில் பொங்கின. மூன்று தரமும் விழுந்தது. கோமதியின் முகத்தை அவர் தேடிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவார்.

‘போறும்டா, எறக்கு, எறக்கு’ என்று விசாலி ஓடிவந்தாள். இறக்குவதற்காக அவர் மடங்கப்போனார். கழுத்தில் இரண்டு கைகள் வந்து விழுந்தன. மாப்பிள்ளை போட்ட மாலை நடுவில் நசுங்க, மோவாய் அவர் கழுத்துக் குழியில் வந்து கொக்கி போட்டது, கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். அடுத்து அவள் மாப்பிள்ளையோடு உட்கார வேண்டிய ஊஞ்சல் பந்தலின் அந்தக் கோடியில் இருந்தது. சாம்பமூர்த்தி ஒவ்வொரு பாதமாக முழுசாக வைத்து அதை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

‘அவ கீழ எறங்கி நடந்து வரட்டுமே, என்னடா பண்றே நீ?’

‘ஷ்’ என்றார் சாம்பமூர்த்தி, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி. ‘கொழந்தை தூங்கறது.’